முழங்கால் வரைக்கும் பின்னல்

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் தாயம்மா வீட்டில் ஐந்து போர்ஷன், ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்த் தொட்டி. குளியலறைக்காகச் சண்டை வராத நாளே கிடையாது. தொட்டிக்காகச் சண்டை வந்தது எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில்தான். சித்திரை பிறப்பதற்கு முன்பே கிணறு தன் அடியில் கிடந்த ஓட்டை வாளியை வெளியே காட்டிவிட்டது. அது யார் வீட்டு வாளி என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். போர்ஷனுக்கு எட்டுக் குடம். எல்லாரும் தங்கள் பங்கை மொண்டுகொண்டு போனதும், வீட்டுக்காரத் தாயம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, மிச்சத் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுவாள். அந்த மிச்சம் அவசரத்துக்கு. அதில் ஒரு சொம்பு குறைந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். தாயம்மா அந்தக் கரிக்கோட்டை நம்பிய அளவுக்கு மனிதர் யாரையும் நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்று வெள்ளிக்கிழமையாக, காலையில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு ஆறு குடம் கீழே நின்றது.

வெள்ளிக்கிழமை ஆறு குடம் காணோம் என்றால் அது தலைக்குக் குளித்த தண்ணீர்தான். இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை. பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள். எண்ணெய் போகச் சீயக்காய், சீயக்காய் போகத் தண்ணீர். யார் தலைக்கு என்பதுதான் கேள்வி. அதற்கும் அந்த வீட்டில் ஒருவரும் மூளையைக் கசக்கவில்லை. இரண்டாவது போர்ஷன் இசக்கியம்மாளின் பின்னல் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பின்னலைப் பற்றி மந்தைவெளியிலிருந்து லஸ் வரைக்கும் தெரியாதவர்கள் கிடையாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் சுயம்புலிங்கம் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறார். இசக்கியம்மாள் கறிகாய்க்குப் போனால் பின்னல் அவளுக்கு ஓர் அடி பின்னால் தனியாக நடந்துவருவது மாதிரி இருக்கும். கோயில் பிராகாரத்தில் கூட்டத்தைச் சாக்காக வைத்து அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தொட்டவர்கள் அடுத்து கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "என்ன தேய்க்கிறீங்க?"

அங்கேதான் அவள் வியாபாரம் இருந்தது. தேங்காயெண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்திப் பூ, மருதாணி இலை, வெந்தயம், நெல்லிக்காய் எல்லாம் போட்டு, சடசடப்பு அடங்குகிற வரை காய்ச்சி, காலி டானிக் பாட்டில்களில் ஊற்றிக் கொடுப்பாள். சுயம்புலிங்கத்தின் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். மகள் பள்ளிக்கூடம் போனது அந்த எண்ணெயில்தான்.

எண்ணெயோடு யோசனையும் இலவசமாகக் கிடைக்கும். சீப்பை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் கழுவு. அடுத்தவர் சீப்பை வாங்காதே. ஈரத்தலையில் கொண்டை போடாதே. சிக்கை நுனியிலிருந்து எடு, உச்சியிலிருந்து இழுக்காதே. முகத்தில் பரு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இரு. பயத்தம்மாவு போட்டுக் கழுவு. அழுக்கு மூஞ்சியில் ஸ்நோ அப்பாதே. இன்னொன்றும் உண்டு. யார் தலையில் என்ன பார்த்தாலும் அவள் வெளியில் சொல்லமாட்டாள். பேன், பொடுகு, நரை எதுவானாலும் அவள் அடுக்களை ஜன்னலைத் தாண்டிப் போனதில்லை. ஐந்து போர்ஷனிலும் மூடியிருந்த வாய் அது ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் அவள் மேல் கொஞ்சம் சந்தேகமும் இருந்தது.

அந்தப் பின்னலில் முக்கால்வாசி சவுரி.

இரண்டு வருஷத்துக்கு முன் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்தாள். எழுந்து உட்கார்ந்து சீப்பை வைத்ததும் முடி காக்கைக்கூடு மாதிரி கையோடு வந்தது. அதுவரை இருந்தது அத்தனையும் அவளுடைய சொந்த முடிதான், பொய்யே இல்லை. அந்த நாற்பது நாளில் போய்விட்டது. அன்று சுயம்புலிங்கம் உதிர்ந்த முடியில் ஒரு சுருளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பனகல் பார்க் பக்கம் சவுரி விற்கிறவனிடம் போய், ஜாக்கெட் துணிக்கு மேட்ச் பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு சவுரியாக வெயிலில் நீட்டி நீட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றை எடுத்தார். சேலை டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

"கறுப்புலயே பதினெட்டுக் கறுப்பு இருக்குட்டி," என்றார். "உன்னது லேசாச் செம்பட்டை ஓடுன கறுப்பு. மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டுல்லா தேடுனேன்."

அன்றிலிருந்து இசக்கியம்மாள் பொதுக் குளியலறையில் தலைக்குக் குளிப்பதில்லை. தன் அடுக்களை மூலையில், கதவைச் சாத்திக்கொண்டு, அரைக் குடத்தில் தன் சொந்த முடியை அலசிவிட்டு, ஈரம் போனதும் சவுரியை வைத்துப் பின்னிக்கொண்டுதான் கதவைத் திறப்பாள். அது இப்போது அவளுக்கே வினையாயிற்று.

"இவங்க தலைக்குக் குளிச்சு யாராவது பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்து வைத்தவள் முன் போர்ஷன் புஷ்பம். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அந்தத் தெருவிலுள்ள அத்தனை பெண்களின் சுற்றளவும் அவள் நோட்டில் இருந்தது. நோட்டில் இருப்பது நோட்டோடு நிற்காது. "குளியலறைப் பக்கமே காணோம். ஆனா பின்னல் பளபளன்னு இருக்குது. அப்ப எப்போ குளிக்கிறாங்க? நம்மல்லாம் தூங்குறப்போ!"

அதோடு விட்டாளா? தையல் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஒரு கணக்கும் போட்டாள். "என் முடி தோள் வரைக்கும். எனக்கு ஒன்றரைக் குடம் செலவாகுது. தாயம்மாக்காவுக்கு இடுப்பு வரைக்கும். மூணு குடம். அப்போ முழங்கால் வரைக்கும்னா? ஆறு! காணாமப் போனதும் ஆறு!"

இப்படி ஒரு கணக்கு வேறெங்கும் எடுபட்டிருக்காது. அந்த முற்றத்தில் எடுபட்டது.

சனிக்கிழமை தாயம்மா இசக்கியம்மாளின் வாசலில் வந்து நின்றாள். தாயம்மாவின் நியாயம் எப்போதும் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். அன்று மெதுவாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"இதோ பாரும்மா இசக்கி. நாலு குடித்தனம் இருக்கிற எடம். நாளைக்குக் காலையில எல்லாரையும் வெச்சுக் கேக்கப்போறேன். நீதான்னு ஆச்சுன்னா மாசக் கடைசியில வேற வீடு பாத்துக்கோ. ரெண்டு வருஷமா உன் எண்ணெயைத்தான் தேய்க்கிறேன், அதுக்காகத் திருட்டுக்குக் கண்ணை மூடிக்க முடியாது."

இசக்கியம்மாளுக்கு வாய் வரை வந்தது, திரும்பிப் போயிற்று. ஏனென்றால் அவளுக்குத் தெரியும், தண்ணீரை எடுத்தது யார் என்று.

தாயம்மாவின் தம்பி தணிகாசலம் மாடி அறையில் இருந்தான். ஏதோ ஒரு சங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வயது நாற்பத்திரண்டு, தாயம்மா பெண் தேடும் இடங்களிலெல்லாம் முப்பத்துநாலு. மாசி மாதத்தில் ஒருநாள் பனியனும் துண்டுமாக இசக்கியம்மாளின் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நரைக்கு ஏதாவது இருக்குதா?"

"கரிசலாங்கண்ணி எண்ணெய் தாரேன் அண்ணாச்சி. ஆனா வெள்ளையைக் கறுப்பாக்காது. சும்மா சொல்லமாட்டேன்."

எண்ணெயை ஒரு மாதம் தேய்த்தான். நரை நகரவில்லை. மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது நெற்றி ஓரமெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. ஹேர் டை வாங்கிப் போட்டுக்கொண்டானாம். ஒரு குடத்தில் அவசரமாக அலசிவிட்டானாம். இசக்கியம்மாள் ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு அதட்டினாள்.

"மருந்துல்லா அது? முதல்ல காதுக்குப் பின்னால துளி தடவிட்டு ஒருநாள் பார்க்கணும். அரிச்சா விட்டுரணும். அரிக்கலேன்னா போட்டுக்கிடுங்க, ஆனா தண்ணி தெளியுற வரைக்கும் அலசணும். கறுப்பு ஒரு சொட்டு வந்தாலும் நிறுத்தப்படாது. இல்லேன்னா தலை வெந்து போகும்."

"யாருகிட்டயும்..."

"நான் யாருகிட்டச் சொல்லுதேன்? போங்க."

வேறு டை வாங்கினான், காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான், அரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில்தான் தாயம்மா அவனைப் பெண் வீட்டுக்கு அழைத்துப் போவாள். மூன்று வெள்ளிக்கிழமை, மூன்று பெண் வீடு. விடிவதற்கு முன் இறங்கி வந்து, சொன்ன சொல் தப்பாமல், தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசியிருக்கிறான். மூன்றாவது வெள்ளி காலையில் குளியலறைச் சாக்கடை ஓரம் கறுப்பாக இருந்ததை இசக்கியம்மாள் பார்த்தாள். பார்த்ததும் புரிந்தது. ஒரு குடத்தோடு நின்றிருப்பான். அவளுடைய வைத்தியம்தான் அவனை ஆறு குடத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சுயம்புலிங்கம் கடையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. தெருமுனையிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அவன்தான்னு சொல்லிரேன்," என்றார்.

"கல்யாணத்துக்கு நிக்கிற மனுசன். சொன்னா மூணு வீட்டுலயும் தெரிஞ்சு போகும். என்னை நம்பில்லா காட்டுனாரு."

"அப்போ உன் பங்குத் தண்ணியிலதான் குளிச்சேன்னு சொல்லு."

"முழங்கால் முடியை எட்டுக் குடத்துக்குள்ள சமைச்சு, துவைச்சு, குளிச்சு எப்படி அலசுனேன்னு புஷ்பம் டேப்பைத் தூக்கிட்டு வருவா."

"அப்போ..." என்று ஆரம்பித்து, அவளுடைய பின்னலைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"அதையும் யோசிச்சாச்சு," என்றாள். "எடுத்துக் காட்டுனா திருடி இல்லைன்னு ஆகும். சரி. அப்புறம் என் எண்ணெயை எவ வாங்குவா? ரெண்டு வருசமா ஏமாத்திட்டான்னுல்லா சொல்லுவாளுக. திருடின்னாலும் எண்ணெய் விக்கும். ஏமாத்துக்காரின்னா விக்காது."

"திருவான்மியூர்ல வாடகை கம்மின்னு எங்க கடைப் பையன் சொன்னான். அங்க போயிருவோம்."

"தண்ணி திருடி விரட்டுனாங்கன்னு நமக்கு முன்னாடி பேச்சு அங்க போய் நிக்கும்."

சுயம்புலிங்கம் விசிறியை எடுத்து அவளுக்கும் தனக்குமாக மாற்றி மாற்றி வீசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முற்றம் நிறைந்துவிட்டது. ஐந்து போர்ஷனும் ஆஜர். வேறெதற்கும் இவர்கள் இப்படி நேரத்துக்கு வந்ததில்லை. தாயம்மா தொட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். புஷ்பம் கழுத்தில் டேப். வீடு வாசல் பெருக்கிப் பாத்திரம் தேய்க்க அடையாற்றங்கரையிலிருந்து வரும் வேலம்மா, கையில் துடைப்பத்தோடு ஓரமாக நின்றாள். மாடிப்படியில் தணிகாசலம் உட்கார்ந்து பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். பேப்பருக்கு மேல் தலை மட்டும் மைக்கூட்டில் முக்கியெடுத்தது மாதிரி தெரிந்தது.

"சொல்லும்மா," என்றாள் தாயம்மா.

"நான் எடுக்கல."

"பின்னே இவ்வளவு முடியை எதுல அலசினே?"

"என் பங்குல."

"அளந்து காட்டவா?" என்று புஷ்பம் டேப்பை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

இசக்கியம்மாள் மாடிப்படியைப் பார்த்தாள். பேப்பர் அசையவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பத்தின் டேப் அவள் உச்சந்தலைக்கு அருகில் வந்தபோது கையை உயர்த்தித் தடுத்தாள்.

"பொறு. நானே தாரேன். அளக்கச் சௌகரியமா இருக்கும்."

பின்னலை முன்னால் இழுத்துப் போட்டாள். நுனியில் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தாள். பிரி பிரியாக, அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலே பிரித்துக்கொண்டு வந்தாள். கழுத்துக்குப் பின்னால் கைவிட்டு எதையோ நெகிழ்த்தினாள். முழங்கால் வரைக்கும் நீண்ட கறுப்பு அவள் கையோடு வந்துவிட்டது. அதை மடித்துத் துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். அவள் தலையில் மிச்சமிருந்தது தோளைத் தொடுகிற நீளத்துக்கு, நுனி மெலிந்த, நெற்றியோரம் உச்சித்தோல் தெரிகிற முடி.

"இதுக்கு அரைக் குடம் போதும்," என்றாள். "கல்லு மேல இருக்குறதுக்குத் தண்ணியே வேண்டாம்."

புஷ்பம் டேப்பைப் பிடித்தபடியே குனிந்து, கல்லின்மேல் இருந்ததை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாயம்மா கேட்டாள். தண்ணீரைப் பற்றியா கேட்டாள்?

"அப்போ அந்த எண்ணெய்?"

இசக்கியம்மாள் பயந்தது இதற்குத்தான். சுயம்புலிங்கம் நாலு எட்டில் வந்து, சவுரியைக் கல்லிலிருந்து எடுத்து, தோள் துண்டில் சுற்றிக்கொண்டார். சேலையை மடிப்பது மாதிரியே, மடிப்புக் கலையாமல்.

தாயம்மாவுக்கு வந்த கோபத்துக்கு ஒரு போக்கிடம் வேண்டியிருந்தது. திரும்பினாள்.

"இவ இல்லேன்னா வேற யாரு? வெள்ளிக்கிழமை விடியக்காலையில வாசல் கதவு தெறந்து உள்ளே வர்றது ஒரே ஆளுதான். வேலம்மா! தூக்குல வெச்சுக் கொண்டு போறியா?"

வேலம்மா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"இன்னாம்மா பேசுற நீ? ஆறு கொடத்தத் தலைமேல வெச்சுக்கினு மந்தைவெளியில இருந்து ஆத்தங்கரை வரிக்கும் நடந்து போவேனா? நான் இன்னா கரகாட்டக்காரியா? எங்கூட்டாண்டயே கார்ப்பரேஷன் லாரி வந்து நிக்குது. உன் தண்ணி ஒண்ணும் எனுக்கு வேணா. வேலையும் வேணா!"

"வாயைப் பாரு!"

"திருடின்னு சொன்னா வாய் வராம இன்னா வரும்? பாட்டா வரும்?"

அதுவரை பேசாமல் நின்ற இசக்கியம்மாள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். தன் மேல் பழி வந்தபோது பொறுத்துக்கொண்டவள், இதைப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி. நீங்க சொல்லுதீகளா, நான் சொல்லட்டா?"

பேப்பர் மெல்ல இறங்கியது. தணிகாசலத்தின் முகம் தலைக்கு நேர் எதிராக வெளுத்திருந்தது.

"அக்கா," என்றான், "தண்ணி... நான்தான்."

"நீயா? ஆறு குடம் உனக்கெதுக்குடா? யானையா குளிப்பாட்டுனே?"

"தலைக்கு... டை." பிறகு, குமாஸ்தாக்களுக்கே உரிய புத்தியோடு, கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளினான். "தெளியுற வரைக்கும் அலசணும்னு இசக்கியம்மாதான் சொன்னாங்க."

அத்தனை பேரும் மறுபடி இசக்கியம்மாளைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவள் சிரித்தாள், அடுத்து வேலம்மா, "அய்ய, இதுக்கா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புஷ்பம் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். தாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. "முப்பத்துநாலு வயசுக்கு எதுக்குடா டை?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுத்தான், கேட்டிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது.

வீட்டைக் காலிசெய்கிற பேச்சு அதோடு நின்றது. வேலம்மா மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் தாயம்மாவே தூக்குச்சட்டியில் காப்பி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் அழைத்து வந்தாள். தணிகாசலம் லாரி நாளில் பெண்களோடு வரிசையில் நின்று குடம் தூக்கினான். தலையில் துண்டு. இசக்கியம்மாளிடம் மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அந்த வார்த்தை அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. புஷ்பம் மட்டும், கேட்காமலே, அவளுடைய பழைய ஜாக்கெட் இரண்டுக்கு அக்குள் தையல் போட்டுக் கொடுத்தாள்.

திருடி என்ற பேர் போயிற்று. எண்ணெயும் போயிற்று.

சேதி ஞாயிறு மத்தியானம் மார்க்கெட்டில் இருந்தது, திங்கட்கிழமை லஸ்ஸில், செவ்வாய்க்கிழமை கோயில் குளத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. தாயம்மா தன் பாட்டிலைப் பாதியோடு கொண்டுவந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். இன்னும் இரண்டு பேர் யாரிடமோ கொடுத்து அனுப்பினார்கள். மார்க்கெட்டில் எதிரே வந்தவர்கள் அவள் கழுத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சவுரி வைத்துக்கொண்டுதான் போனாள். வீடு திரும்புவதற்குள் அது கல்லைக் கட்டினது மாதிரி கனத்தது. மறுநாளிலிருந்து சின்னக் கொண்டையோடு போனாள். பத்து நாளாயிற்று. காய்ச்சி வைத்த எண்ணெய் பாட்டில் பாட்டிலாக அலமாரியில் நின்றது. "அடுத்த மாசம் காய்ச்ச வேண்டாம்," என்று அவள் சொன்னபோது சுயம்புலிங்கம் ஓவர்டைம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கோடையில் ஜவுளிக்கடையில் ஓவர்டைமாவது ஒன்றாவது.

பதிமூன்றாவது நாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த வேளையில், ஜலஜா வந்தாள்.

ஜலஜா மயிலாப்பூரில் இருந்து மவுண்ட் ரோடு அலுவலகம் ஒன்றுக்கு டைப் அடிக்கப் போகிறவள். இசக்கியம்மாளைவிட ஒன்றிரண்டு வயது குறைவு. கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று அவளைக் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. எண்ணெய் மவுண்ட் ரோடு வரை போனது அவளால்தான். செருப்பை வாசலில் உதறிவிட்டு, வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஏழு பேர், இசக்கி. ஆபீஸ்ல ஏழு பேர்கிட்ட சொல்லி வாங்க வெச்சேன். என் தலைமேல சத்தியம் பண்ணாத குறைதான். இப்போ நான் நடந்து போனா மெஷினை நிறுத்திட்டுச் சிரிக்கறா."

"உக்காருங்க."

"உக்கார வரலை. ரெண்டு வருஷமா தேய்ச்சுண்டு இருக்கேன். இதுல முடி வளருமா, வளராதா? அதை மட்டும் சொல்லுங்கோ."

இசக்கியம்மாள் பாய் விரித்தாள். பத்து நாளாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"வளராது. எண்ணெய் முடியை வளர்க்காது. வறண்டு உடையாமப் பாத்துக்கிடும், சிக்கு விழாது, அவ்வளவுதான். முடி வளர்றது வயித்துல விழுற சோத்துலயும் உடம்புலயும் இருக்கு. எனக்குக் காய்ச்சல்ல போச்சு. எண்ணெய் தடுக்கல. இப்பக் கொஞ்சம் கொஞ்சமா வருது. அதுவும் எண்ணெய் கொண்டாரல, தானா வருது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"யாரு கேட்டிய? வந்தவங்கல்லாம் பின்னலைப் பாத்தீங்க, பாட்டிலைத் தூக்கிட்டுப் போனீங்க. நானும் பேசாம இருந்துட்டேன்." சற்று நிறுத்தினாள். "அது என் தப்புதான். இல்லேங்கலை."

சண்டைக்கென்று இன்னும் நாலு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்த ஜலஜாவுக்கு, அதைப் போட இடமில்லாமல் போயிற்று. நின்றுகொண்டே இருந்தாள். அலமாரியில் நின்ற பாட்டில்களைப் பார்த்தாள். இசக்கியம்மாளின் சின்னக் கொண்டையைப் பார்த்தாள். பிறகு பாயில் உட்கார்ந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தன் கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டாள்.

"இங்கே பாருங்கோ."

வலது காதுக்கு மேல், முடியை ஒதுக்கியதும், நாலணாக் காசளவுக்கு வழவழவென்று ஒரு வட்டம். அதற்கு ஒரு விரல் தள்ளி இன்னொன்று, சின்னதாக.

"எட்டு மாசமா இருக்கு. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தினம் கண்ணாடி முன்னாடி அரைமணி நேரம் இதை மூடறதுக்கே போறது. பஸ்ல ஜன்னலோரம் உட்கார மாட்டேன், காத்துக்கு."

"மாசத்துக்கு ஒருக்க இங்க வாரிய. ஒருநாள் காட்டலியே?"

"உங்ககிட்டயா?" ஜலஜா திரும்பாமலே சிரித்தாள். "நீங்க பின்னலைத் தூக்கி மடியில போட்டுண்டு உட்கார்ந்திருப்பேள். இதை எப்படிக் காட்டறது? பாட்டிலை வாங்கிண்டு போயிடுவேன்."

இசக்கியம்மாளுக்கு அந்த நிமிஷம் சுருக்கென்றது. தன் கடைக்குப் பெயர்ப்பலகை என்று நினைத்துக்கொண்டிருந்த பின்னல், உள்ளே வரவேண்டியவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்திருக்கிறது. விரலால் அந்த வட்டத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். செதில் இல்லை, புண் இல்லை, சிவப்பு இல்லை.

"அரிக்குதா?"

"இல்லை."

"இது புழுவெட்டு. இதுக்கு எங்கிட்ட எண்ணெய் கிடையாது. சின்ன வெங்காயத்தைத் தேய்னு நாலு பேர் சொல்லுவாங்க, தேய்ச்சுப் புண்ணாக்கிக்கிடாதீங்க. பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காரு. திங்கக்கிழமை லீவு போடுங்க, நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு?"

"தனியாப் போனா வரிசையில நிக்காமத் திரும்பிருவீங்க. எனக்குத் தெரியாதா?"

ஜலஜா மூக்கை உறிஞ்சினாள். கைப்பையிலிருந்து காலி டானிக் பாட்டிலை எடுத்து வைத்தாள். இசக்கியம்மாள் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். நிரப்பவில்லை.

"இந்த மாசம் வேண்டாம். டாக்டர் என்ன சொல்லுதாருன்னு பார்ப்போம்."

"இசக்கி."

"ம்."

"டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல ஒருத்தி இருக்கா, அவளுக்கு உச்சியில இப்படித்தான். இன்னொருத்திக்குக் குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் கொத்துக் கொத்தாப் போறது. ஒருநாள் சாயங்காலம் அழைச்சுண்டு வரட்டுமா? பாட்டிலுக்கு இல்லை. சும்மா காட்டறதுக்கு."

"வரச் சொல்லுங்க. வந்தா எண்ணெயும் கேப்பாங்க. கேட்டா உங்ககிட்டச் சொன்னதையே சொல்லிட்டுத்தான் கொடுப்பேன். அதுக்குமேல வேணும்னா வாங்கட்டும்."

முடியை மறுபடி ஒதுக்கினாள். உள்ளே வெளிச்சம் போதவில்லை. "வாசப்பக்கம் கொஞ்சம் நகந்து உக்காருங்க," என்றாள். ஜலஜா நகரப்போனாள், நிமிர்ந்தாள், அப்படியே நின்றுவிட்டாள்.

முற்றத்தில் திடீரென்று எல்லாருக்கும் வேலை வந்திருந்தது. புஷ்பம், வெயிலில் நின்றுகொண்டு, துணியே இல்லாத கொடிக்கயிற்றை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். தாயம்மா வற்றிப்போன கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் மட்டும் இந்தப் பக்கம். வேலம்மா தேய்த்த அண்டாவையே மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் எழுந்து போனாள். வாசற்படியில் நின்று, மூன்று பேரையும் வரிசையாக ஒருமுறை பார்த்தாள்.

"யாருக்காவது காட்டணும்னா ஒவ்வொருத்தரா வாங்க," என்றாள். "கதவைத் தட்டிட்டு."

சாத்திவிட்டு, அடுக்களை ஜன்னலை வெளிச்சத்துக்காக அகலத் திறந்துவைத்து, பாயை அங்கே இழுத்துப் போட்டாள்.